மனையும் கணக்கும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனித வாழ்விற்கு இன்றியமையாதவை. இவற்றுள் நடுவண் நிற்கும் உடையை உலக மக்கள் பலர்க்கும் ஆக்கித் தரும் ஊர் திருப்பூர். நொய்யல் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் அந்நகரிலும், அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் முதலிய ஊர்களிலும் பின்னல் எந்திரங்களின் ஓசையைக் கேட்கலாம். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர் பல்லாயிரவர் அங்கு உழைக்கின்றனர். அவருட் பலர், ஒரே வரிசையில் அமைந்த சிறு சிறு அறைகளில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அவ்வறைகளை ‘லைன் வீடு’ என்று அவ்வூர் மக்கள் வழங்குவர். பிறர்க்கு உடை தைத்துத் தரும் அவர்தம் உள்ளத்தில் நீங்காது நிற்கும் விருப்பம் ஒன்று உண்டு. அது தமக்கென ஓர் உறையுள் வேண்டும் என்பதே.

அவ்விருப்பம் நிறைவேறப் பொருள் வேண்டும். பொருளைவிட மிகுதியாகக் கணக்கு வேண்டும். பல ஆண்டுகள் வாய்க்கும் வயிற்றுக்கும் சுருக்கிச் சேர்த்த செல்வம், அளக்கத் தெரியாமையால் சில திங்களில் கரைந்துவிடுதல் கூடும். வாழ்நாளில் ஒரு முறையே கட்டும் வீடு, கணக்குப் பிழையால் குடியிருப்போர்க்கே கேடு விளைத்தலும் கூடும். ஆதலின், மனை வாங்கும் நாள் முதல் குடிபுகும் நாள் வரை கணக்கு எவ்வெவ்விடங்களில் நமக்குத் துணை நிற்கிறது என்பதைக் காண்போம்.

பனியன் தொழிற்சாலையில் துணி வெட்டும் ‘கட்டிங் மாஸ்டர்’ பெரியதொரு கணக்கர் எனலாம். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம் எனின், ஒரு கிலோகிராம் துணி ஏறத்தாழ 5½ சதுர மீட்டர் பரப்புடையது என அவர் உடனே அறிவார். அப்பரப்பில் முன்புறம், பின்புறம், கை ஆகிய உறுப்புகளின் வடிவங்களை எவ்வாறு நெருக்கி அடுக்கினால் கழிவு குறையும் என்பதே அவருடைய தொழில் நுட்பம். துணிக்கு அவர் செய்யும் கணக்கையே கொத்தனார் கல்லுக்கும் மண்ணுக்கும் செய்கிறார். பொருள் வேறு, கணக்கு ஒன்றே.

முதற்கண் மனையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மனையைச் சென்ட் கணக்கில் விற்பர். நூறு சென்ட் கொண்டது ஓர் ஏக்கர். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே ஒரு சென்ட் 435.6 சதுர அடியாகும். இவ்வெண் ஏன் இவ்வாறு முழுமையின்றி அமைந்தது என்று நீங்கள் வியக்கலாம். இங்கிலாந்து நாட்டுக் கணித அறிஞர் எட்மண்டு கண்டர் 1620ஆம் ஆண்டில் 66 அடி நீளமுள்ள அளவுச் சங்கிலியை வகுத்தார். அச்சங்கிலி 100 கண்ணிகளை உடையது. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள நிலம் 10 சென்ட். எனவே அரைச் சங்கிலி, அஃதாவது 33 அடி நீளமும் 33 அடி அகலமும் உள்ள சதுர மனை 1,089 சதுர அடி. அது சரியாக 2½ சென்ட் ஆகும். ஒரு தொழிலாளர் குடும்பம் இம்மனையை வாங்கியதாகக் கொண்டு மேலே செல்வோம்.

எல்லா மனைகளும் இவ்வாறு சதுரமாக அமைவதில்லை. பாதை வளைந்து செல்லும் இடங்களில் மனையும் கோணலாக இருக்கும். அத்தகைய மனைகளை அளக்கும்போது சிலர், எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து, வந்த இரு சராசரிகளையும் பெருக்கி, அதுவே பரப்பு என்பர். பண்டை எகிப்து நாட்டிலும் இம்முறை வழங்கியது. ஆயினும் இது பிழையானது. மனையின் மூலைகள் செங்கோணமாக இல்லாதபோது இம்முறை தரும் விடை உண்மைப் பரப்பினும் மிகுதியாகவே இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் 40 அடியும் 30 அடியுமாக அமைந்த சாய்ந்த மனை ஒன்றைக் கருதுக. பக்கங்களைப் பெருக்கினால் 1,200 சதுர அடி வரும். ஆனால் 40 அடிப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்திற்குச் செங்குத்தாக அளந்த தொலைவு 27 அடியே எனின், உண்மைப் பரப்பு 1,080 சதுர அடிதான். இடையில் மறைந்த 120 சதுர அடி, கால் சென்ட்டினும் மிகுதி. இல்லாத நிலத்திற்கு விலை கொடுக்கும் இழப்பு, கணக்கு அறியாமையால் வருவதாகும்.

இதற்குத் தீர்வு முக்கோணத்தில் இருக்கிறது. எத்துணைக் கோணலான நிலத்தையும் முக்கோணங்களாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு முக்கோணத்திலும் அடிப்பக்கத்தையும் குத்துயரத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்து, வந்தவற்றைக் கூட்டினால் பரப்பு தவறாமற் கிடைக்கும். நில அளவைத் துறையினர் வரையும் புலப்படத்தில் கோடுகள் குறுக்கே ஓடி நிலத்தைப் பகுத்திருப்பதன் காரணம் இதுவே. 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கிச் சென்றே இந்திய நாட்டை அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். நாட்டை அளந்த அதே முறை நம் வீட்டு மனையையும் அளக்கிறது.

மனை கிடைத்தது. அடுத்து, கட்டப்போகும் வீட்டின் எல்லையை நிலத்தில் குறிக்க வேண்டும். இதனை மனை கோலுதல் என்பர். இக்கலை தமிழர்க்குப் புதியதன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், கோல்களின் நிழல் கொண்டு திசையைத் தேர்ந்து, கயிறு பிடித்து, அரண்மனைக்கு இடம் வகுத்த செய்தி கூறப்படுகிறது. இன்றும் நம் கொத்தனார் முளை அடித்து நூல் கட்டியே பணியைத் தொடங்குகிறார்.

அவர் செய்யும் முதற்செயல் மூலைமட்டம் பிடித்தல். ஒரு மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மற்றொரு நூலில் 4 அடியும் அளந்து குறியிடுவார். அவ்விரு குறிகளுக்கும் இடையே 5 அடி இருந்தால் அம்மூலை செங்கோணம். மூன்றின் வர்க்கம் 9. நான்கின் வர்க்கம் 16. இரண்டும் சேர்ந்து 25. அதுவே ஐந்தின் வர்க்கம். பிதாகரசு தேற்றம் என்று நீங்கள் வகுப்பில் கற்கும் இவ்வுண்மை, வேள்வி மேடைகள் அமைக்கும் முறையைக் கூறும் சுல்ப சூத்திரங்களிலும் காணப்படுகிறது. தேற்றத்தின் பெயரை அறியாத கொத்தனாரும் அதன் பயனை நன்கு அறிவார்.

நம் வீடு 24 அடி நீளமும் 18 அடி அகலமும் உடையது என்க. இதன் பரப்பு 432 சதுர அடி. ஏறத்தாழ ஒரு சென்ட். எஞ்சிய ஒன்றரைச் சென்ட் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விடப்பட்டது. இவ்வீட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள தொலைவு 30 அடியாக இருத்தல் வேண்டும். ஏனெனில் 18, 24, 30 ஆகியவை 3, 4, 5 என்பனவற்றின் ஆறு மடங்குகள். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒத்திருந்தாலும் வடிவம் சாய்ந்திருக்கலாம். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒத்திருந்தால்தான் அது செவ்வகம். இதனை நூல் கட்டிய அன்றே சோதித்தறிதல் எளிது. சோதியாது விட்டால், தரையில் கல் பதிக்கும் நாளில் ஒரு பக்கம் முழுக்கல்லும் மறுபக்கம் ஆப்பு வடிவத் துண்டுமாக அப்பிழை வெளிப்பட்டு நிற்கும். அந்நாளில் சுவரை நகர்த்த இயலாது.

பின்னர்க் கடைக்கால் தோண்டுவர். அதன் அகலத்தை நிலத்தின் வலிமையே முடிவு செய்கிறது. ஓர் அடி நீளமுள்ள சுவர், தன் எடையும் கூரையின் எடையும் சேர்ந்து 1½ டன் சுமையை நிலத்தின்மேல் வைப்பதாகக் கொள்வோம். நிலம் சதுர அடிக்கு ¾ டன் தாங்குமாயின் அடிமானம் 2 அடி அகலம் வேண்டும். ½ டன் மட்டுமே தாங்குமாயின் 3 அடி வேண்டும். சுமையை நிலத்தின் தாங்கும் ஆற்றலால் வகுத்தல் என்னும் எளிய வகுத்தற்கணக்கே வீட்டைப் புதையாமல் நிறுத்துகிறது. கொங்கு நாட்டில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் மண் நனைந்தால் பருக்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆதலின் அங்கே ஈரமும் வறட்சியும் மாறி மாறித் தாக்காத ஆழம் வரை கடைக்காலைக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

சுவர் எழும்புகிறது. தூக்குக்குண்டு சுவரின் நேர்மையைக் காட்டுகிறது. ரசமட்டமும், நீர் நிரப்பிய குழாயும் மட்டத்தைக் காட்டுகின்றன. வளைந்து கிடக்கும் குழாயின் இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்னும் இயற்கை விதியைக் கொண்டு, நாற்பது அடிக்கு அப்பாலுள்ள மூலையிலும் ஒரே மட்டத்தைக் குறித்துவிடலாம்.

இனிச் செங்கல் எத்துணை வேண்டும் என்று பார்ப்போம். சுவரின் பருமன் 9 அங்குலம். உயரம் 10 அடி. வெளிச்சுற்றளவு 84 அடி. இதனையே நீளமாகக் கொண்டால் மூலைகள் நான்கும் இருமுறை எண்ணப்படும். சுவரின் நடுக்கோட்டை அளப்பதே முறை. அது 23¼ அடியும் 17¼ அடியும் சேர்ந்து இரட்டித்த 81 அடியாகும். எனவே சுவரின் கன அளவு 81 × 10 × ¾ = 607½ கன அடி. மூன்றடி அகலமும் ஏழடி உயரமும் உள்ள வாயில் ஒன்று. நான்கடிச் சதுரச் சன்னல் நான்கு. இவற்றின் பரப்பு 85 சதுர அடி. கன அளவு 63¾ கன அடி. இதனைக் கழித்தால் 543¾ கன அடி எஞ்சும். சாந்தோடு சேர்த்து ஒரு செங்கல் 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் கொள்ளுமாயின், ஒரு கன அடிக்கு 14.22 கற்கள் வேண்டும். ஆகவே வெளிச்சுவருக்கு வேண்டிய கற்கள் ஏறத்தாழ 7,733. உடைந்துபோகும் கற்களுக்காக நூற்றுக்கு ஐந்து சேர்த்துக்கொள்ளலாம். மூலையையும் சன்னலையும் கருதாது கணக்கிட்டவரோ 8,960 கற்கள் வேண்டும் என்பார். வேறுபாடு 1,227 கற்கள். ஒரு கல் 10 ரூபாய் எனக் கொண்டாலும் 12,270 ரூபாய் வீணாகும். அஃது ஓர் உழைப்பாளியின் பல நாட்கூலி.

மணலும் சல்லியும் லாரியில் வரும். யூனிட் கணக்கில் விலை பேசப்படும். ஒரு யூனிட் 100 கன அடி. லாரியின் பெட்டி 12 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையதாய், மணல் 2½ அடி உயரம் நிரம்பியிருந்தால் 210 கன அடி, அஃதாவது 2.1 யூனிட். இரண்டடி உயரமே நிரம்பியிருந்தால் 168 கன அடிதான். மேற்பரப்பைக் கண்ணால் பார்த்தவர்க்கு இந்த அரையடி தெரியாது. அளவுகோலை உள்ளே செருகிப் பார்த்தவர்க்கே தெரியும்.

கூரையே வீட்டின் மிகப் பொறுப்புவாய்ந்த பகுதி. கொங்கு நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளில் மரச்சட்டங்களை அகலப் பக்கமாகக் கிடத்தாமல், செங்குத்தாக நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு அங்குலமும் இரண்டு அங்குலமும் கொண்ட சட்டத்தைப் படுக்க வைத்தால் தாங்கும் சுமையைப்போல் இரு மடங்கை அதே சட்டம் நிமிர்ந்து நிற்கும்போது தாங்கும். சட்டத்தின் வலிமை அகலத்தின் அளவிலும் உயரத்தின் வர்க்க அளவிலும் பெருகும் என்பதே காரணம். இதனை இத்தாலி நாட்டு அறிஞர் கலீலியோ 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விளக்கினார்.

இக்காலத்துக் கூரை பெரும்பாலும் கான்கிரீட்டால் ஆனது. நம் வீட்டின் கூரை 432 சதுர அடி பரப்பும் 5 அங்குலப் பருமனும் உடையதாயின், அதன் கன அளவு 180 கன அடி, ஏறத்தாழ 5.1 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கம்பி வலுவூட்டிய கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2½ டன். எனவே உறங்கும் குழந்தையின் தலைக்கு மேலே 12 டன்னுக்கு மேற்பட்ட சுமை நிற்கிறது என்பதை மறத்தலாகாது. சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, சல்லி மூன்று பங்கு என்னும் விகிதத்தில் கலந்தால், ஒரு கன மீட்டருக்கு 50 கிலோகிராம் மூட்டை எட்டு வேண்டும். நம் கூரைக்கு 41 மூட்டை. இக்கலவையில் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் சேர்த்தல் கூடாது என்பது இந்தியத் தர விதி. கலவை எளிதாக ஓடவேண்டும் என்று நீரை மிகுதியாக ஊற்றினால், அந்நீர் பின்னர் ஆவியாகி, உள்ளே நுண்துளைகளை விட்டுச்செல்லும். கூரை வலிமை இழக்கும். ஆனால் கான்கிரீட்டு இறுகிய பின்னரோ, குறைந்தது ஏழு நாளேனும் அதனை ஈரமாக வைத்துக் காத்தல் வேண்டும். கலக்கும்போது மிகுநீர் பகை. இறுகும்போது நீரே நட்பு.

கம்பியின் எடையை அறியவும் அழகியதொரு வாய்பாடு உண்டு. மில்லிமீட்டரில் அளந்த விட்டத்தை வர்க்கித்து 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுக்க 0.889 கிலோகிராம். வட்டத்தின் பரப்பையும் எஃகின் அடர்த்தியையும் பெருக்கிச் சுருக்கியதே இவ்வாய்பாடு. கம்பி உரிய பருமன் உடையதா என்பதை ஒரு தராசைக் கொண்டே இதனால் சோதிக்கலாம். கம்பியை வைக்கும் இடமும் கருதத்தக்கது. இரு சுவர்மேல் தங்கும் கூரையின் நடுவில் கீழ்ப்பகுதியே இழுபடும். ஆதலின் கம்பி அங்குக் கீழே வேண்டும். சன்னலுக்கு மேல் வெளியே நீண்டு நிற்கும் நிழற்பலகையில் மேற்பகுதியே இழுபடும். அங்குக் கம்பி மேலே வேண்டும். இதனை மாற்றி வைத்தால் முட்டுக்கட்டைகளை அகற்றும் நாளிலேயே பலகை வீழ்ந்து உயிரைப் பறித்தலும் கூடும்.

மாடிக்குப் படி அமைத்தலும் கணக்கே. பத்தடிச் சுவரும் ஐந்து அங்குலக் கூரையும் சேர்ந்து 125 அங்குலம் ஏற வேண்டும். இதனை 18 படிகளாகப் பகுத்தால் ஒவ்வொரு படியும் 7 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாக அமையும். உயரத்தின் இரு மடங்கையும் மிதிப்பலகையின் அகலத்தையும் கூட்டினால் 24 அங்குலம் அளவில் வருதல் நன்று. ஆகவே அகலம் 10 அங்குலம். பதினெட்டுப் படியுள் ஒன்று மட்டும் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால், பழகிய கால் அங்கே இடறும். முதியோர் விழுந்து துன்புறுவது இத்தகைய சிறு பிழையாலேயாம். வெம்மையும் வறட்சியும் மிக்க பகுதிகளில், தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கேனும் சன்னல் முதலிய திறப்புகள் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. பகல் முழுதும் பஞ்சுத்துகள் கலந்த காற்றிடையே உழைத்து வருவோர்க்கு, வீட்டிலாவது தூய காற்று வேண்டாவா?

இனி நீர். திருப்பூர் மேற்கு மலைத்தொடரின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. மழை அங்கு அருமையானது. சாயக்கழிவால் நொய்யல் மாசுற்றதும், 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டதும் நீரின் அருமையை அவ்வூர்க்கு உணர்த்தின. தமிழ்நாட்டில் கட்டடங்கள்தோறும் மழைநீர் சேமித்தல் 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. நம் வீட்டுக் கூரையின் பரப்பு ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆண்டில் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் 24,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போயினும் 19,200 லிட்டர் கிடைக்கும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் செலவிடின், அந்நீர் 384 நாட்களுக்கு, அஃதாவது ஓர் ஆண்டுக்கு மேலும் போதும். கூரையில் நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம் வைத்து நீரை ஒரு மூலைக்குக் கொணர்வதும் கணக்கின் செயலே.

இறுதியாகக் கடன். கையிலுள்ள பொருள் போதாமல் 5 இலட்சம் ரூபாய், ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில் கடன் பெறுவதாகக் கொள்வோம். இருபது ஆண்டில் அடைப்பதாயின் மாதந்தோறும் ஏறத்தாழ 4,500 ரூபாய் செலுத்த வேண்டும். முடிவில் செலுத்திய தொகை 10 இலட்சத்து 80 ஆயிரம். பத்தாண்டில் அடைப்பதாயின் மாதத்தவணை ஏறத்தாழ 6,334 ரூபாய். மொத்தம் 7 இலட்சத்து 60 ஆயிரம். மாதத்தவணை குறைவு என்று மகிழ்ந்தவர் முடிவில் 3 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் மிகுதியாகச் செலுத்துகிறார். எனினும், மாத வருவாய்க்கு மீறிய தவணையை ஏற்று இடையில் தவறுவதும் தீது. தம் வருவாய்க்கு இயன்ற தவணை எது, அதற்குரிய மொத்தச் செலவு எது என்று இரண்டையும் எழுதிப் பார்த்து முடிவு செய்வதே அறிவுடைமை.

மாணவர்களே! அளவுகோலும் நூலும் தூக்குக்குண்டும் விலையுயர்ந்த கருவிகள் அல்ல. அவற்றைப் பயன்படுத்த வேண்டிய கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலும், செங்கோண முக்கோணமும், விகிதமும், வட்டியும் உங்கள் பாடநூலில் உள்ளவையே. உங்கள் பெற்றோர் மனை வாங்கும்போதும் வீடு கட்டும்போதும் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு அருகில் அமருங்கள். நீங்கள் கற்ற கணக்கு அவர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த பொருளைக் காக்கும். அவர்கள் எழுப்பும் சுவரை நேராக நிறுத்தும். அக்கூரையின்கீழ் அச்சமின்றி உறங்கச் செய்யும்.

பயிற்சி

1. பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கி மனையின் பரப்பைக் காணும் முறை ஏன் பிழையானது? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. மனை கோலும்போது மூலைவிட்டங்களை அளப்பதன் பயன் யாது?
3. ‘கலக்கும்போது மிகுநீர் பகை; இறுகும்போது நீரே நட்பு.’ இக்கூற்றை விளக்குக.
4. உங்கள் வீட்டு அல்லது பள்ளிக் கூரையின் பரப்பை அளந்து, 600 மில்லிமீட்டர் மழையில் எத்துணை லிட்டர் நீர் சேமிக்கலாம் என்று கணக்கிடுக.
5. ‘அன்றாட வாழ்வில் கணக்கு’ என்னும் தலைப்பில் இரண்டு பக்க அளவில் கட்டுரை எழுதுக.